ஓபுலம்மாவுக்குப் போட்ட மாலை

பிப்ரவரி 5, திங்கள்

யூடியூப்காரர்கள் வந்து போனார்கள். மதியப் பந்தி நெருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள் போல. கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் தொக்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டிக்குப் பக்கத்தில் கேமராவை நீட்டி, "அக்கா, இன்னொரு தடவை கிளறுங்க" என்றான் ஒருவன். அவன் சொன்னபோதெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கிளறியதில் அடி பிடித்துவிட்டது. அதைத் தொட்டு நக்கிவிட்டு, "ஸ்மோக்கி ஃபிளேவர் செமையா இருக்கு" என்றான்.

பிறகு கூடத்தில் ஓபுலம்மா படத்துக்குக் கீழே என்னை உட்கார வைத்துக் கதை கேட்டார்கள். வழக்கமான கதைதான். குண்டூர் பக்கத்துக் கிராமத்தில் பசி என்று வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாத ஓபுலம்மா. திருப்பூருக்கு வந்து எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தவள். இந்த ஆந்திரா மெஸ்ஸை ஆரம்பித்து வைத்த வருடமே, தை மாத ஏகாதசியன்று, கடைசிப் பந்திக்குப் பரிமாறிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே போய்ச் சேர்ந்தாள். பரிமாறிவிட்டு உட்காரும் இடத்தில் நானே முந்தானையால் மூக்கைச் சிந்தினேன். கேமரா பிடித்த பெண் கண்ணைத் துடைத்தாள்.

அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. இங்கே எழுதினால் யார் வந்து படிக்கப் போகிறார்கள்? முன்னே இது வெறும் சென்னியப்பன் மெஸ். சென்னியப்பன் என் வீட்டுக்காரர். ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் ஓர் ஆந்திரா மெஸ் வந்து கூட்டத்தை அள்ளியதும் எங்களுக்கும் புத்தி வந்தது. சித்தூர் மாஸ்டர் ஒருவரை வைத்துக் கொஞ்ச நாள் தொழில் பழகினேன். அவருடைய சித்தி பெயர் ஓபுலம்மா. பெயர் கம்பீரமாக இருந்தது, எடுத்துக்கொண்டோம். பெயருக்கு ஒரு முகம் வேண்டாமா? காங்கேயத்தில் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஸ்டுடியோக்காரரிடமிருந்து இவர்தான் இந்தப் படத்தை வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் மூக்குத்தி, அகலப் பொட்டு, ஆளை உருட்டிப் பார்க்கிற கண். "அந்தம்மா போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சாம் புள்ள" என்றார். சந்தன மாலை போட்டு, சீரியல் பல்பு மாட்டினோம். அன்றிலிருந்து கூட்டம்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வாழை இலை முழுக்கக் கிழிசல். இலைக்காரனைத் திட்டினேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 10, சனி

வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம். தெருமுனை வரை வரிசை. ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். என் மகன் நவநீதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி கோயம்புத்தூரில் கிளை திறக்கிறான். அங்கே வாசலிலேயே ஓபுலம்மா படத்தை ஆள் உயரத்துக்கு வைக்கப் போகிறானாம்.

"அம்மா, கோயமுத்தூர்ல எல்லாம் டயட்டுங்கிறாங்க. சிறுதானியத்துல ஏதாச்சும் வேணும்" என்றான். தினையில் புளியோதரை செய்து பார்த்தேன். ஆந்திரத்துக்காரர்கள் புளிஹோரா என்பார்கள். முதல் தடவை குழைந்தது, மறுதடவை பொலபொலவென்று வந்தது. "ஓபுலம்மா விரத நாளில் செய்யும் தினை புளிஹோரா" என்று மெனு கார்டில் போடச் சொன்னேன்.

இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "செத்த பொறகும் புதுசு புதுசாச் சமையல் படிக்கறாளே உன்ற ஓபுலம்மா" என்றார்.

சிரிக்கட்டும். பனியன் கம்பெனிக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, காரம் குறைத்த பருப்புக்கு "ஓபுலம்மா வயசான காலத்தில் சாப்பிட்டது" என்று பெயர் வைத்தது யார்? பீகார் பையன்கள் வர ஆரம்பித்ததும் வேப்புடு என்று உருளைக்கிழங்கு வறுவல் போட்டது யார்? ஊரடங்கில் இலை போட ஆளில்லாமல் கிடந்தபோது, பொடியை டப்பாவில் அடைத்து "ஓபுலம்மாவின் உரல் பொடி" என்று வீடு வீடாக அனுப்பியது யார்? அந்தப் பக்கத்துத் தெரு மெஸ் அதே நாலு குழம்போடு இருந்து மூடிவிட்டுப் போனது. நாங்கள் இருக்கிறோம்.

பிப்ரவரி 14, புதன்

இன்று ஓர் ஆள் வந்தான். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடவே துப்பட்டா போட்ட வடக்கத்திப் பெண். சாப்பிடவில்லை. படத்துக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதான். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கண் கலங்குகிறார்கள்தான், ஆனால் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"எப்படிங்க்கா போனாங்க?" என்று கேட்டான்.

பந்தியில் சாம்பார் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவசர அவசரமாகத் தை மாதம், ஏகாதசி, கடைசிப் பந்தி எல்லாம் சொன்னேன். "ஒரு நோவு நொடி இல்லீங்க, பூ உதுந்தாப்ல போயிட்டாங்க" என்று புதிதாக ஒன்றையும் சேர்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். யாரென்று கேட்கவில்லை. கேட்க நேரம் ஏது?

பிப்ரவரி 19, திங்கள்

அந்த ஆள் மறுபடி வந்தான். மொட்டைத் தலை. நெற்றி நிறையத் திருநீறு. "பவானிக் கூடுதுறையில காரியம் முடிச்சுட்டு வந்தேனுங்க்கா. கூட இருந்து பாத்துக்கிட்டது நீங்க. உங்க கையில சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

"யாருக்குங்க காரியம்?" என்றேன்.

படத்தைக் காட்டினான். "எங்கம்மாவுக்குத்தான்."

எனக்கு ஒரு நிமிடம் காதே கேட்கவில்லை. கல்லாவில் இருந்த இவர் எழுந்து, திரும்பி, சாமி படத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். காலையில்தான் துடைத்திருந்தார்.

பெயர் தனசேகர். லூதியானாவில் பனியன் கம்பெனியில் மேனேஜர். கூட வந்தவள் மனைவி, ஹர்ப்ரீத், பஞ்சாபி. இவளைக் கட்டிக்கொண்டதில்தான் அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சு அற்றுப் போயிருக்கிறது, பன்னிரண்டு வருடமாக. சொந்தக்காரர்களும் கை கழுவிவிட்டார்களாம். அம்மா நாச்சம்மாள், கிராமத்து நர்ஸ், வெள்ளகோவில் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவள். வீடியோவில் மாலையோடு படத்தைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறான். குவார்ட்டர்ஸில் புது நர்ஸ் இருக்கிறாள். பழைய நர்ஸ் ரிடையர் ஆகிப் போனவர், எங்கே என்று தெரியாது என்றிருக்கிறாள். நேரே இங்கே வந்தான். நான் பூ உதிர்ந்த கதையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பெயரில் இங்கேயே எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும், படையல் வைக்க வேண்டும் என்றான். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். கொட்டினோம்.

நவநீதனிடம் சொன்னேன். முதலில் அவனுக்கும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து, "அந்தம்மா செத்ததென்னமோ நெசம்தானே? அப்பறம் என்ன? பத்தாம் தேதி வரைக்கும் வாயைத் தொறக்காதே" என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது. இறந்தவள் இறந்தவள்தானே. கதை மட்டும்தான் பொய்.

பிப்ரவரி 21, புதன்

தனசேகர் தினமும் வந்து படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறான். ஹர்ப்ரீத் சும்மா இருப்பதில்லை, பூண்டு உரிக்கிறாள். பீகார் பையன்களோடு இந்தியில் பேசிச் சிரிக்கிறாள். நல்ல பெண். இவளை எதற்கு வேண்டாம் என்றார்களோ.

"எங்கம்மாவுக்குச் சமைக்கவே வராதுங்க்கா" என்றான். "டூட்டி டூட்டின்னு ஓடும். பிரசவம்னா பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிரும். எனக்குப் பாதி நாள் பன்னும் டீயும்தான். கடைசிக் காலத்துல இத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்குதுன்னா, என்னை நெனச்சுத்தான் போட்டிருக்கும்."

நான் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தேன்.

"பேரையும் ஊரையும் ஏனுங்க்கா மாத்திக்கிச்சு? என்ற மேல இருந்த கோவத்துல, என்னைப் பெத்த பேரே வேண்டாம்னு விட்டுருச்சோ?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

கண் என் மேலேயே இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். "மகன் ஒருத்தன் இருக்கான், வருவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றேன். அவன் மொட்டைத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். அடுப்படிக்குப் போய், வெந்துகொண்டிருந்த பருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கு வெங்காயம் என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

இவரைக் காங்கேயத்துக்கு விரட்டினேன். அந்தம்மா எங்கே, எப்போது இறந்தாள் என்றாவது தெரிந்தால், மகனுக்குச் சரியான திதியையாவது சொல்லலாம் என்று எனக்கு எண்ணம். மதியத்துக்கு மேல் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உயிரோட இருக்குது புள்ள."

ஸ்டுடியோக்காரர் அன்றைக்கு யாரோ ஒருத்தியை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நாச்சம்மாள் முத்தூரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம். இவர் போய் வாசலில் நின்றிருக்கிறார். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஆரப்பா?" என்றிருக்கிறாள். அதே மூக்குத்தி. அதே கண். வழி கேட்டு வந்தவர் போல நடித்து, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"என்னன்னு சொல்றது? உனக்கு ஒம்போது வருஷமா மாலை போட்டு வெச்சிருக்கோம்னா?"

கூடத்துக்குப் போனேன். பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வெளியே தனசேகர் ஞாயிற்றுக்கிழமைப் பாயசத்துக்குப் பாசிப்பருப்பு இறக்கிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 24, சனி

காலையில் நவநீதனோடு சண்டை.

"பதினஞ்சே நாளும்மா. கடையத் தொறந்துட்டுச் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா வீடியோக்காரனே வந்து நம்மளக் கிழிச்சுத் தொங்கப் போடுவான். கிளையும் போகும், இதுவும் போகும்."

"நாளைக்கு அவன் உசுரோட இருக்கற ஆத்தாளுக்குப் படையல் போடப் போறான்டா."

"அவங்க பேசாமத்தானே இருந்தாங்க? நம்மளா பிரிச்சோம்?"

இவனை நான்தான் பெற்றேனா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு, பொய்யைக் கட்டியவள் நானல்லவா, இவன் அதன் மேல் மாடி எழுப்புகிறான், அவ்வளவுதானே என்று பட்டது. முத்தூர் பஸ் ஏறினேன்.

நாச்சம்மாள் கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழுதும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று பயந்து மூச்சு விடாமல் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"மொட்டை அடிச்சுட்டானா?"

"ஆமாங்க."

"அழுதானா?"

"என்னால பாக்க முடியலீங்க, அப்படி அழுதாரு."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "என்ற சாவுக்கும் வரக்கூடாதுடான்னு சொல்லித்தான் அனுப்புனேன்" என்றாள். "பாரு, அதுக்கு மட்டும் வந்திருக்கறான்."

எனக்கு அவள் காலில் விழத் தோன்றியது. விழுந்தேன். எழுப்பிவிட்டாள்.

"அந்தச் சமையலெல்லாம் ஆரு பண்றது அம்மணி?"

"நாந்தானுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க."

"பொறகெதுக்கு என்ற மூஞ்சி?"

"என்ற மூஞ்சிக்கு ஆருங்க வருவாங்க?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மரியாதைக்குக்கூட அப்படியில்லை என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது, "அவன்கிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே" என்றாள். நாளைக்கு வருவாளா மாட்டாளா என்று கேட்கத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூடம் நிறைய ஆள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, பருப்பு, நெய், கோங்குரா, வேப்புடு, தினை புளிஹோரா, பாயசம். பக்கத்தில் ஒரு பன்னும் ஒரு தம்ளர் டீயும். அதை அவன்தான் வைத்தான். சூடம் காட்டிவிட்டு, தோளில் துண்டோடு முதல் பந்திக்குப் பருப்பு வாளியைத் தூக்கினான். நவநீதன் கல்லாவில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

அப்போது வாசலில் செருப்பு விடும் சத்தம். நாச்சம்மாள் நின்றாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் மஞ்சப்பை.

ஓரத்து இலையில் இருந்தவர் முதலில் பார்த்தார். படத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். உருட்டிய கவளம் கையிலேயே நின்றது. வரிசையாக ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. தனசேகர் மட்டும் குனிந்து பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மொட்டை ஆருக்குடா?"

அவன் நிமிர்ந்தான். வாளியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உனக்குத்தாம்மா."

அவள் கிட்டே போய் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், பிறந்த குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. "சரியாவே செரைக்கல. காதோரம் முடி நிக்குது" என்றாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவன் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

அவள் அழவில்லை. அவன் ஓயும் வரை நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த எலை எனக்கு வெச்சதுதானே?" என்றாள்.

"அய்யோ, படையல் எலைங்க, அது ஆகாதுங்க" என்று இவர் பதறினார்.

"எனக்குத்தான வெச்சான்? பஸ்ஸு மாறி மாறி வந்திருக்கறேன், பசிக்குது." சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் படத்துக்கு நேராக, தனக்கு வைத்த படையலைத் தானே சாப்பிட்டாள். எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னை எடுத்து டீயில் தோய்க்கும்போதுதான் அவள் கை நின்றது. பிறகு அதையும் தின்றாள்.

ஹர்ப்ரீத் தண்ணீர்ச் செம்போடு கிட்டே போகவும் பயந்து தூணோரம் நின்றாள்.

"அவளாடா?"

"ஆமாம்மா."

"சாப்பிட்டாளா?"

"இன்னும் இல்லம்மா."

"பொறகெதுக்கு நிக்க வெச்சிருக்கறே? உக்காரச் சொல்லு."

என்னைப் பார்த்து, "கோங்குராவுல உப்புத் தூக்கல் அம்மணி" என்றாள். இருந்தது. அழுதுகொண்டே செய்தது அது.

பிப்ரவரி 26, திங்கள்

கடை லீவு. தூங்கினேன்.

மார்ச் 1, வெள்ளி

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "பொய்க்கார மெஸ்" என்று ஒருவன் எழுதியிருக்கிறானாம். இரண்டு நாள் பாதி இலைதான் விழுந்தது.

நவநீதன் புதிதாக ஒன்று கண்டுபிடித்து வந்தான். "அம்மா, அந்தம்மாவையே கோயமுத்தூர்ல வெளக்கேத்த வெச்சு, 'செத்துப் பொழச்ச ஓபுலம்மா'ன்னு ஒரு வீடியோ போட்டா?" அவனை அடிக்க இவ்வளவு வயதான பிறகா கை ஓங்குவது என்று விட்டேன். வாயால் நான் திட்டியதே போதும், இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டான்.

நாச்சம்மாள் மகன் மருமகளோடு லூதியானா கிளம்பும் வழியில் வந்தாள். போய்விட்டுக் குளிர் ஆகாவிட்டால் திரும்பிவிடுவாளாம். படத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். "நெசமாப் போறப்ப மறுபடி படம் புடிக்கோணுமா? இதுலதான் கொஞ்சம் லட்சணமா இருக்கறேன்." மாலையை மட்டும் எங்களிடமே கொடுத்துவிட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

கோயம்புத்தூர் கிளை திறந்தோம். பலகையை மாற்ற நேரமில்லை, ஓபுலம்மா என்றே இருக்கிறது. வாசலில் ஆள் உயரப் படத்துக்கு விட்டிருந்த இடம் வெறும் சுவர். பன்னிரண்டு மணி வரை ஈ காக்கை இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதல் வரிசையில் என் வயது அம்மா ஒருத்தி, சாப்பிட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "வீடியோவுல ஒரு அம்மா படம் இருந்துச்சே, எங்கீங்க காணோம்?"

கல்லாவிலிருந்து நவநீதன் என்னைப் பார்த்தான். பேசாதே என்கிறானா, பேசு என்கிறானா, தெரியவில்லை.

"அப்படி ஒருத்தங்க இல்லீங்க" என்றேன். "நான் கட்டுன கதைங்க அது. சமைக்கறதெல்லாம் நாந்தான்."

அவள் கை நின்றது. எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து இலைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தினை புளியோதரையுமா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குது" என்றாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "உங்க பேரென்னங்க?" என்றாள்.

ஒன்பது வருடமாக இத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன், இதை யாரும் கேட்டதில்லை.

"வசந்தாமணிங்க" என்றேன்.